சுமை இறங்கிய பின்னும் தொடரும் போர்: இரட்சணிய யாத்திரிகத்தில் விசுவாசியின் அகப்போராட்டம்

ஆய்வுச் சுருக்கம்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) பெரும்பாலும் கம்பனின் நடையோடு ஒப்பிடப்பட்டே மதிப்பிடப்படுகிறது. மனமாற்றத்திற்குப் பின்னும் விசுவாசியின் உள்ளத்தில் தொடரும் பாவப் போராட்டத்தை அக்காப்பியம் எவ்வாறு அமைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், பாவம், வாசனாமலம், பருவம், தேவாரம்

முன்னுரை

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ (1678) என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களில் 3,600க்கும் மேற்பட்ட பாடல்களால் இக்காப்பியத்தை இயற்றினார்.

சிக்கல்

பனியனின் கதையில் யாத்திரிகனின் முதுகுச் சுமை சிலுவையருகே, பயணத்தின் தொடக்கப் பகுதியிலேயே விழுந்துவிடுகிறது. ஆயினும் அதற்குப் பின்னரே அவன் அயர்ந்து உறங்குகிறான், வழி விலகுகிறான், நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான், இறுதி ஆற்றில் பழைய பாவங்களின் நினைவால் மூழ்கத் தொடங்குகிறான். சுமை நீங்கியவனுக்கு ஏன் இப்போராட்டம்?

இவ்வினாவின் வேர் பவுலின் உரோமர் நிருபம் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. நன்மையை நாடும் மனமும் அதற்கு எதிராக இயங்கும் உறுப்புகளும் அங்கு மோதுகின்றன. அங்குப் பேசுபவர் விசுவாசியே என அகுஸ்தீனார் பிற்காலத்தில் கொண்டார். மனிதன் ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று லூத்தர் உரைத்தார். இம்மரபின்படி நீங்குவது குற்றத்தின் தண்டனை. எஞ்சுவது குற்றத்தை நாடும் இயல்பு.

தமிழ்ச் சிந்தனையில் ஓர் இணை

சைவ சித்தாந்தமும் இதே வினாவை எதிர்கொண்டுள்ளது. பெருங்காயம் இருந்த பாண்டத்தில் மணம் எஞ்சுவதுபோல், சீவன்முத்தரிடத்தும் வாசனாமலம் தாக்கும் என்பர். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா அதற்கு மாற்றாக அடியார் கூட்டுறவையும், திருவேடம், ஆலயம் ஆகியவற்றை அரனாகக் கண்டு வழிபடுவதையும் கூறுகிறது. கிருஷ்ணபிள்ளை வைணவப் பின்னணியினர்; எனவே இதனைத் தாக்கம் என்று கூறுவதற்கில்லை. மேலும், ஆணவம் அனாதியானது. கிறித்தவ நெறியில் பாவமோ ஆதாமின் மீறலில் தொடங்கியது. எனினும் மீட்புக்குப் பின் எஞ்சும் மாசு என்னும் கருத்து தமிழ் வாசகனுக்கு அயலானதன்று. இறுதி ஆற்றில் மூழ்கும் யாத்திரிகனின் தலையைத் தாங்குபவன் உடன் வரும் தோழனே என்பது அடியார் கூட்டுறவோடு ஒப்புநோக்கத்தக்கது.

பருவமும் பகையும்

கிருஷ்ணபிள்ளை ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுகிறார். விருத்த ஓட்டத்தில் இது பொருந்தும். ஆனால் நூற்பகுப்புக்கு அவர் கையாண்ட சொல் காண்டம் அன்று, பருவம். ஆதி பருவம், ஆரணிய பருவம் ஆகிய பெயர்கள் வில்லிபாரதத்திலும் உள்ளவை. இராமகாதையில் பகைவன் கடல் கடந்து இருக்கிறான். பாரதத்தில் பகை ஒரே குலத்திற்குள் பிறக்கிறது. ஆசிரியரின் கருத்து எதுவாயினும், உட்பகையைப் பாடும் நூலுக்குப் பாரதத்தின் நினைவு கூடுதலாகப் பொருந்துகிறது. கம்பனோடு மட்டும் ஒப்பிடும் திறனாய்வு இதனைக் காணத் தவறுகிறது.

கதையும் தேவாரமும்

கதைப் பகுதி முன்னோக்கி நகர்வது. யாத்திரிகன் ஒவ்வொரு தடையையும் கடந்து செல்கிறான். இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களோ தன்மையிடத்தில் நின்று இறைஞ்சுகின்றன. கதையில் தடை கடக்கப்பட்ட பின்னும் பாடலில் அருளுக்கான மன்றாட்டு மீண்டும் எழுகிறது. கதை மட்டும் இருந்திருப்பின் விசுவாச வாழ்வு வெற்றிகளின் வரிசையாகத் தோன்றும். தேவாரம் மட்டும் இருந்திருப்பின் முடிவில்லாப் புலம்பலாகத் தோன்றும். இரண்டும் இணைந்தமையால், முன்னேறுபவனே நாள்தோறும் மன்னிப்பை நாடுகிறான் என்னும் உண்மை வடிவம் பெறுகிறது. பனியனிடமும் இடைப்பாடல்கள் உண்டு. ஆனால் பக்தி மரபின் பண்ணையும் தன்னிரக்கக் குரலையும் இணைத்து, அவற்றைக் காப்பியத்தின் இரண்டாம் அச்சாக்கியது கிருஷ்ணபிள்ளையின் தனித்தன்மை.

முடிவுரை

விசுவாசியின் தடுமாற்றத்தை நம்பிக்கையின் பொய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளும் எளிய முடிவை இக்காப்பியம் ஏற்பதில்லை. போராட்டம் ஓய்ந்த உள்ளத்தையன்று, போராடும் உள்ளத்தையே அது உயிருள்ளதாகக் காட்டுகிறது. எனவே இரட்சணிய யாத்திரிகத்தைத் தழுவல் நூலாக மட்டுமன்றி, தமிழ் அகநோக்கு மரபின் ஒரு கண்ணியாகவும் வாசித்தல் தகும்.