திருகோணமலைத் துறைமுகமும் நாடுகளிடைச் சட்டமும்

தண்டிக்கும் அரசன் இல்லாவிடத்துச் சட்டம் ஏது என வினவுவார் பலர். நாடுகளிடைச் சட்டம் வல்லரசுகளின் வாய்ச்சொல்லே என்பது அவர் கருத்து. திருகோணமலைத் துறைமுகத்தைக் கொண்டு இக்கூற்றை ஆராய்தல் தகும். 1782இல் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என ஓராண்டுக்குள் மூவர் கையில் இருந்த துறைமுகம் அது. 1802இல் அமியன் உடன்படிக்கை அதனை ஆங்கிலேயருக்கு உறுதி செய்தபோது இந்நாட்டு மக்களின் இசைவை எவரும் கேட்டிலர்.

இலங்கை தன் பெயரால் கையொப்பமிட்டது 1947 நவம்பர் 11ஆந் திகதிய பாதுகாப்பு உடன்படிக்கையிலாகும். அதனைக் காட்டியே இலங்கை மெய்யாகச் சுதந்திர நாடோ என்ற ஐயம் எழுப்பப்பட்டது. 1948 ஆகஸ்டில் சோவியத்து ஒன்றியம் வீற்றோ அதிகாரத்தால் ஐக்கிய நாடுகள் சபையின் வாயிலை அடைத்தது. ஒரு நாட்டைச் சேர்ப்பதற்குப் பிறநாடுகளையும் உடன் சேர்க்கவேண்டுமென நிபந்தனை விதித்தல் ஆகாது என்று சர்வதேச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்திலேயே கருத்துரைத்திருந்தது. ஆயினும் 1955 டிசம்பர் 14இல் இலங்கை உள்ளே புகுந்தது பதினாறு நாடுகளைச் சேர்த்துக் கட்டிய பேரத்தினாலேயே. அன்றும் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் இருந்தது! இங்கே சட்டம் தோற்றதென்றே கூறல் வேண்டும்.

எனினும் உடன்படிக்கையின் வாசகத்தை நோக்குக. அதற்கு முடிவுக்காலம் குறிக்கப்படவில்லை, இது பெருங்குறையே. ஆனால் தளவசதிகள் இருதிறத்தாரும் இணங்கும் வண்ணம் அளிக்கப்படும் என்றிருந்தது. இணக்கத்தால் வந்ததை மீண்டும் பேச்சுக்கு எடுக்க அச்சொல்லே இடமளித்தது. பண்டாரநாயக்க அரசு கடிதங்கள் வாயிலாகப் பேசி 1957 அக்டோபர் 15இல் துறைமுகத்தை ஏற்றது. முந்திய ஆண்டிலேதான் சூயசுக் கால்வாயின் பொருட்டுப் போர் மூண்டது. பிரித்தானியாவின் தேவை தளர்ந்தமையும் காரணமன்றோ எனின், ஆம்; ஆயினும் தளர்ந்த தேவை தானே கப்பலேறிப் போய்விடுவதில்லை.

1987 ஜூலை 29இல் ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் வேறு வகையின. இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமாகும் முறையில் எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் திருகோணமலையையோ பிற துறைமுகங்களையோ அளிப்பதில்லை என இலங்கை உடன்பட்டது. அயலானின் அச்சத்தை மதித்தல் முறையே. ஆனால் பாதகம் யாது? எரிபொருளும் நீரும் நாடி அயல்நாட்டுப் போர்க்கப்பல் நங்கூரமிடின் அது பாதகமாகுமா? ஐயம் எழுந்தால் தீர்ப்பவர் யார்? நடுவர் எவரையும் அக்கடிதங்கள் சுட்டவில்லை. இணக்கம் என்ற சொல்லுக்கு இருவர் வேண்டும். பாதகம் என்று சொல்ல ஒருவரே போதும்.

எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாக நடத்துவதும் அதே கடிதங்களில் உளது. நெடுங்காலம் இழுபட்டபின் 2022 ஜனவரியில் 61 தாங்கிகளைக் கூட்டு நிறுவனமொன்றுக்கு அளிக்க ஒப்பந்தமாயிற்று. தாங்கிகளை எண்ணலாம், ஆதலின் அவற்றைப் பற்றிய பிணக்குக்கு ஒரு கணக்காவது கிடைத்தது.