ஹாத்தாவின் சூத்திரமும் கோபுரத் திட்டமும்

கையடக்கத் தொலைபேசிக்குரிய கோபுரங்களை எவ்வெவ்விடங்களில் நாட்டுதல் வேண்டும் என்பதை இன்று பெரும்பாலும் கணனியே வகுத்துக் கொடுக்கின்றது. அத்தீர்ப்புக்கு அடிப்படையாய் அமைந்தனவற்றுள், யப்பானியராகிய மசஹாரு ஹாத்தா 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு கட்டுரை தலையாயது.

இக்கட்டுரை ஒரு வழிநூல் எனலாம். ஒக்குமுராவும் அவருடன் உழைத்தோரும் ரோக்கியோ நகரிலும் அதன் அயலிலும் அலைகளின் வலிமையை அளந்து, முடிபுகளை 1968 இல் வளைகோடுகளாக வெளியிட்டனர். வளைகோட்டைக் கண்ணாற் கண்டே பயன்கொள்ளல் வேண்டும், கணனிக்கோ கண்ணில்லை. ஹாத்தா புதிதாக எதனையும் அளந்தாரல்லர். அவ்வளைகோடுகளைச் சில மடக்கைக் கோவைகளுள் அடக்கினார். தானியங்கித் திட்டமிடலுக்கு வாயில் திறந்தது அச்சுருக்கமே.

ஆசிரியரின் நேர்மை போற்றத்தக்கது. தூரம் 1 முதல் 20 கிலோமீற்றர் வரை, கோபுர அன்ரெனாவின் உயரம் 30 முதல் 200 மீற்றர் வரை, மீடிறன் 1500 மெகாஹேட்சுக்கு மேற்படாதது எனத் தம் சூத்திரத்தின் எல்லையைத் தாமே வரையறுத்துள்ளார். கூரைக்குக் கீழே பொருத்திய அன்ரெனாவுக்கும் அதனையே ஒருவர் வழங்குவாராயின், அது ஹாத்தாவின் குற்றமாகாது.

ஆயினும் நிலத்தை அவர் பகுத்த முறை ஆராயத்தக்கது. நகரம், புறநகர், வெளி என்னும் மூன்றே வகைகள் உள. 900 மெகாஹேட்சில் நகரத்துக்கும் வெளிக்கும் இடையே சூத்திரம் காட்டும் வேறுபாடு ஏறக்குறைய 28.5 டெசிபல்; அஃதாவது வலுவில் எழுநூறு மடங்கு. 30 மீற்றர் உயர அன்ரெனாவாயின், நகரத்தில் 1 கிலோமீற்றரிற் கிடைக்கும் சமிக்ஞை வெளியில் 6 கிலோமீற்றருக்கு அப்பாலும் கிடைக்கும் என்று கணக்கு வரும். வீடும் வேலியும் தோப்பும் செறிந்த கிராமம் இம்மூன்றனுள் எதன்பாற்படும்? படத்தில் அதற்கு நிறந் தீட்டுபவர் "வெளி" என்று குறித்துவிட்டால், கைக்கு எட்டாத சமிக்ஞை காகிதத்தில் எட்டிவிடும்.

அதன்பின் நிகழ்வதே கவலைக்குரியது. மிகக் குறைந்த கோபுரங்களால் எல்லா இடங்களையும் மூடுதல் கணிதத்தில் அரிய வினா. இடங்கள் பெருகப் பெருகத் தெரிவுகள் எண்ணில் அடங்கா. வல்லோர் அதற்கு நுட்பமான வழிகள் பல கண்டுள்ளனர். ஆனால் அவை அனைத்தும் படத்தை மெய்யென்று கொண்டே தொடங்குகின்றன. மூடப்பட்டதாகக் காட்டப்பெற்ற கிராமத்துக்குக் கோபுரம் நாட்டுவது, செலவைக் குறைக்க முயலும் கணனிக்கு வீண்செலவு. தேடல் எத்துணைச் செம்மையாக நடைபெறுகின்றதோ, அத்துணை உறுதியாக அக்கிராமம் விடுபட்டுப்போம்.

களத்தில் அளந்து சூத்திரத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் உண்டென்று விடை கூறுவர். அது மெய்யே. ஆயின் வாகனம் செல்லும் வீதியில் மாத்திரம் அளவெடுத்தால், ஒழுங்கையின் உட்புறத்து வீட்டில் இருப்பவரது நிலை அவ்வளவைகளில் இடம்பெறாது.