அழுகை யாருடைய கட்டளை?

சாவு வீட்டிலே சாத்திரம் எளிதில் நுழைந்துவிடுகிறது. உள்ளம் உடைந்து நிற்கும் வேளை அது. கேள்வி கேட்க வேண்டிய வாய் கதறிக் கொண்டிருக்கும் நேரம் அது! ஆகவேதான், துக்கச் சடங்கை ஆராய்ந்த அறிஞர்களை நாம் ஆர்வத்தோடு படிக்கிறோம். அவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம். அவருடைய 'சமய வாழ்வின் அடிப்படை வடிவங்கள்' என்னும் நூல் 1912-இல் வெளிவந்தது.

யூத மத குருமார் குடும்பத்திலே பிறந்து, குருவாகாமல் ஆராய்ச்சியாளரானவர் அவர். கடவுளை வணங்கும் கூட்டம் உண்மையில் எதை வணங்குகிறது என்று கேட்டார். தன்னையே, தன் கூட்டு வலிமையையே வணங்குகிறது என்று விடை கண்டார்.

ஆஸ்திரேலியாவின் வாரமுங்கா மக்களைப் பற்றி ஸ்பென்சரும் கில்லனும் எழுதியதை அவர் சான்றாகக் காட்டுகிறார். ஒருவன் இறக்கிறான். ஆண்கள் தங்கள் தொடையைக் கிழித்துக் கொள்கின்றனர். பெண்கள் கிழங்கு தோண்டும் கழியால் தங்கள் தலையைப் பிளந்து கொள்கின்றனர். கைம்பெண்ணோ நெடுங்காலம் வாய் திறவாமல், சைகையாலேயே பேசியாக வேண்டும்.

இது துயரத்தின் பெருக்கா? இல்லை, கடமை என்கிறார் துர்கைம். யாருக்காக யார், எவ்வாறு அழவேண்டும் என்பதை உறவுமுறை விதிக்கிறது. ஓர் உறுப்பினனை இழந்து மெலிந்த கூட்டம், கூடி அழுது தன் வலிமையை மீட்டுக் கொள்கிறது. ஆவியைச் சாந்தப்படுத்தவே அழுகிறோம் என்பது, சடங்குக்குப் பின்னாளில் கற்பித்துக்கொண்ட காரணம்! ஆவி முந்தியது, சடங்கு பிந்தியது என்ற புரட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த இந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால், கொடுமையின் பெரும்பங்கு பெண்களுக்கு வாய்ப்பானேன்? அவர்களுக்குச் சமுதாய மதிப்புக் குறைவு. ஆகவே அவர்களே பலிப்பொருளாகின்றனர் என்று துர்கைமே எழுதுகிறார். எழுதிவிட்டு, நடந்து விடுகிறார்! நின்று நோக்கவேண்டிய இடமல்லவா அது? கூட்டம் வலிமை பெற்றது என்கிறாரே, மண்டை பிளந்தவளுமா வலிமை பெற்றாள்? வாய் அடைக்கப்பட்டவளுமா வாழ்வு பெற்றாள்? கட்டளையிடுபவனையும் குருதி சிந்துபவளையும் 'சமுதாயம்' என்ற ஒரே போர்வையால் மூடிவிடுகிறது அவர் கொள்கை. தாலியறுத்து, பூவும் பொட்டும் பறித்து, பெண்ணை மூலையிலே உட்கார வைத்த நம் நாட்டுக் கூட்டத்துக்கும் அந்தப் போர்வை நன்றாகவே பொருந்தும்!

அப்படியாயின், கூடி அழுவதே மூடத்தனமா? அன்று, தோழர்களே! இழந்தவர்கள் ஒன்றுகூட விழைவது இயற்கை. இதில் துர்கைம் சொன்னது மெய். நாம் கேட்கவேண்டியது, அந்தக் கூடுகைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதுதான். பலியில்லாத துக்கம் நடவாத ஒன்றன்று. 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தபோது, மக்கள் திரண்டு வந்து கண்ணீர் வடித்தனர். மதச் சடங்கு எதுவுமின்றி அவர் உடல் சென்னையில் அடக்கம் செய்யப்பட்டது. அவரை இழந்த மணியம்மையாரை எவரும் மூலையில் அமர்த்தவில்லை. அவர் கழகத்தின் தலைமையை ஏற்றார், மேடையேறிப் பேசினார்.

சாவு வீட்டுக்குச் செல்லும் இளைஞர்களே! அழுபவரை எள்ளாதீர்கள், அவரருகே அமருங்கள். ஆனால், அந்த வீட்டுப் பெண்ணின் பூவைப் பறிக்கக் கை நீளுமானால், அதைத் தடுக்க எழுந்து நில்லுங்கள்!