வடித்த ஆயிலை வாசித்தல்

எஞ்சின் ஆயில் மாற்றுவதைப் பலரும் ஊற்றுகிற வேலையாகத்தான் பார்க்கிறார்கள். எந்த பிராண்ட், என்ன விலை, எத்தனை லிட்டர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் மனம் போவது வடிக்கிற பக்கம். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் தட்டில் வந்து விழுகிறதே பழைய ஆயில், அதில் அந்த எஞ்சினின் கதை முழுக்க இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவருக்கு அடுத்து எந்த ஆயிலை வாங்குவது என்ற குழப்பம் வராது. வாசித்துப் பழக ஏற்ற வண்டி எது என்று கேட்டால், கல்லிலும் சேற்றிலும் உழைக்கிற ஏ.டி.வி. (ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்) வண்டியைத்தான் சொல்வேன்.

ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கலையின் உச்சம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்குள்ள பழைய விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத்துக்கு மாறிவிட்டன. ஆனாலும் விமானம் ஓட்டப் பழகுவது என்றால் ஹைதராபாத்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேகம்பேட் ஓடுதளம்தான். செஸ்னா போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் இருப்பது காற்றால் குளிரும் பிஸ்டன் எஞ்சின். முழு ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் வலை மட்டும் இருந்தால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் ஆயிலை மாற்றுவார்கள். கழற்றிய ஃபில்டரை அப்படியே தூக்கி எறிவதில்லை. அதற்கென்றே உள்ள கட்டரால் உறையை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். ஏதாவது மினுங்குகிறதா? மினுங்குவது காந்தத்தில் ஒட்டுகிறதா? ஒட்டாவிட்டால் அலுமினியமா, வெண்கலமா? வானத்தில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்த இடம் கிடையாது. அந்த அச்சம் கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

ஏ.டி.வி.க்கும் இது அப்படியே பொருந்தும். விமானத்தைப் போலவே இந்த வண்டியின் உழைப்பையும் மணி நேரத்தில்தான் அளக்க வேண்டும். மீட்டரில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஹவர் மீட்டர் இருக்கும். ஆயில் கணக்குக்கு அதையே நம்பலாம். விகாராபாத் பக்கத்துப் பண்ணை நிலத்தில் பகல் முழுக்க ஓட்டினாலும் கிலோமீட்டர் அதிகம் ஏறியிருக்காது. எஞ்சின் மட்டும் மணிக்கணக்கில் முக்கியிருக்கும். லோ கியரில் பாறை ஏறும்போது வண்டி நகர்வது நடை வேகத்தில். எதிர்க்காற்று கிடையாது. சூடு ஆயில் தலையிலும் இறங்கும். ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள தரையோ பெரும்பாலும் கிரானைட் பொடிந்து உண்டான மண். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரித்துவிடும். ஏர் ஃபில்டர் உட்காரும் இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், அந்தத் தூசி ஆயிலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஓடையைக் கடக்கும்போது ஈரம் வேறு. தூசியிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டிக்கு மேனுவலில் போட்டிருக்கும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

இனி தேர்வு. முதல் கேள்வி கெட்டித்தன்மை. டப்பாவில் 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று போட்டிருப்பதில் முதல் எண் குளிரில் எஞ்சின் புறப்படுவதைப் பற்றியது. 15டபிள்யூ என்ற தகுதிக்கு மைனஸ் 20 டிகிரியில் சோதிப்பார்கள். 10டபிள்யூ-வுக்கு மைனஸ் 25. கடல்மட்டத்திலிருந்து சுமார் 530 மீட்டர் உயரத்தில் இருக்கும் பேகம்பேட் அந்தக் குளிரைக் கண்டதே இல்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. 40 கிரேடு என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. 50 கிரேடு என்றால் 16.3 முதல் 21.9 வரை. லடாக்கில் ராணுவம் ஓட்டும் ஏ.டி.வி.க்குக் கணக்கு தலைகீழ். அங்கே விடியற்காலையில் ஸ்டார்ட் ஆன அந்த முதல் விநாடிகளில் ஆயில் மேலே ஏறிவிட வேண்டும் என்பதுதான் எஞ்சினின் உயிர்ப் பிரச்சினை. முதல் எண் பூஜ்யமோ ஐந்தோ ஆக இருந்தால்தான் நிம்மதி.

அதற்காக ஊர் சூடு என்ற ஒரே காரணத்துக்குக் கெட்டியான ஆயிலாகப் பார்த்து வாங்குவதும் சரியில்லை. போலாரிஸ் தன் வண்டிகள் பலவற்றுக்கு 5டபிள்யூ-50 கேட்கிறது. ஹோண்டா பல மாடல்களுக்கு 10டபிள்யூ-30 போதும் என்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வண்டியாகத் தெரியலாம். ஆனால் பேரிங் இடைவெளி, பம்ப், குளிரூட்டும் முறை எல்லாம் வெவ்வேறு. முதல் சொல் மேனுவலுடையது. வெயிலுக்கும் வேலைக்கும் ஏற்ப எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அதே மேனுவலில் வெப்பநிலை அட்டவணையும் இருக்கும். அதற்குள்தான் நம் ரசனைக்கு இடம்.

இரண்டாவது கேள்வி கிளட்ச். பைக்கைப் போலவே பல ஏ.டி.வி.களில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கும். எஞ்சினுக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்குப் பிடிக்க வேண்டும்; இரண்டையும் ஒரே ஆயில் செய்தாக வேண்டும். 1990களில் கார் ஆயில்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக மேலும் மேலும் வழுக்கத் தொடங்கியபோது அதே ஆயில் பைக்கில் கிளட்சை நழுவ வைத்தது. ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். எம்.ஏ. என்றால் ஈரக் கிளட்சுக்குப் பிடிப்பு உண்டு, எம்.பி. என்றால் உராய்வு குறைவு, ஸ்கூட்டருக்கு ஏற்றது. 2006-இல் எம்.ஏ.வை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். பிடிப்பு அதிகம் எம்.ஏ.2-இல். பெல்ட்டில் ஓடும் போலாரிஸில் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே இல்லை. யமஹா கிரிஸ்லியிலும் பெல்ட்தான், ஆனால் அதோடு ஆயிலில் நனையும் கிளட்ச் ஒன்றும் உண்டு. எனவே பெல்ட்டைப் பார்த்ததும் கார் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. டப்பாவின் பின்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் படிப்பது நல்ல பழக்கம்.

மூன்றாவது கேள்வி, ஆயில் எவ்வளவு நாள் தன் குணத்தோடு இருக்கும் என்பது. சூட்டிலும் கெட்டித்தன்மை குறையாமல் இருக்க ஆயிலில் நீளமான பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அவை அறுந்துபோகும். அப்போது டப்பாவில் 50 என்று இருந்த ஆயில், எஞ்சினுக்குள் 40 ஆகிவிடும். கியர்பாக்ஸும் எஞ்சினும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். நல்ல சிந்தெடிக் ஆயில் தன் இயல்பிலேயே சூட்டைத் தாங்குவதால் பாலிமரை அந்த அளவுக்கு நம்பியிருப்பதில்லை. அதில்தான் அதன் விலைக்கு நியாயம் இருக்கிறது. அதைக் காரணம் காட்டி மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டால் அந்த நியாயம் போய்விடும். உள்ளே வந்த தூசியை எந்த சிந்தெடிக்கும் ஜீரணிக்காது.

இனி வேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். பழைய விமான நிலையச் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்துகளில் டூ வீலர் பட்டறைகள் உண்டு. நான் விரும்பிப் பார்ப்பது அங்கே ஒரு வயதான பாயின் கையை. வண்டியை ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுவார். ஆயில் இளகி, அடியில் படிந்த கசடு மேலே எழும்பிக் கலந்திருக்கும்போதே வடிக்க வேண்டும். பிறகு அடித்தகட்டைக் கழற்றி, ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள காய்ந்த சேற்றைப் பிரஷால் தட்டி, பனியன் வேஸ்ட்டால் துடைப்பார். போல்ட்டைத் தொடுவது அதற்கு அப்புறம்தான். கழற்றும்போது கடைசி மரையில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி சுற்றி, சட்டென்று விலக்குவார். ஒரு சொட்டும் மணிக்கட்டில் வழியாது. “அவசரப்படாதீங்க சார், கடைசியா வர்றதுலதான் விஷயம் இருக்கு” என்பார். சொன்னபடியே, தாரை நூலாகி, நூல் சொட்டாகும் வரை காத்திருப்பார்.

அப்புறம் வாசிப்பு. ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். கரியைத் தன்னோடு சுமந்து வெளியே கொண்டுவருவது அதன் வேலை. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நரநரவென்று இருந்தால் மண் உள்ளே வருகிறது. ஏர் ஃபில்டரையும் அதன் பெட்டியையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்து நீர்த்திருந்தால் எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர். ஓடையில் இறங்கியபோது மூச்சுக்குழாய் வழியே வந்ததா, ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் கசிகிறதா என்று கண்டுபிடிக்காமல் புது ஆயிலை ஊற்றிப் பயனில்லை. கருகிய வாடை வந்தால் கிளட்ச் தட்டுகளைச் சந்தேகிக்கலாம். போல்ட் நுனியிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய படலம் இருப்பது இயல்பு. விரலில் குத்தும் சிம்புகள் இருந்தால் அந்த எஞ்சினை அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது காந்தத்துக்குப் பிடிபடாத மினுக்கம் ஓடினால் பிஸ்டனையோ பேரிங்கையோ நினைத்துக்கொள்ள வேண்டும்.

புது வண்டியின் முதல் ஆயில் மட்டும் விதிவிலக்கு. முதல் 20, 25 மணி நேரத்தில் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றையொன்று உரசிப் பழகும். அப்போது வடியும் ஆயிலில் மினுக்கம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கழிவை வெளியேற்றத்தான் முதல் மாற்றத்தை அவ்வளவு சீக்கிரம் வைத்திருக்கிறார்கள்.

மூடுவதிலும் நுணுக்கம் உண்டு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புது வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், டார்க் ரென்ச். அலுமினிய உறையில் மரை தேய்ந்துபோனால் சில ரூபாய் வாஷரில் மிச்சம் பிடித்ததற்குப் பல மடங்கு அழ வேண்டியிருக்கும். ஆயிலைக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, இறங்கவிட்டு, சமதரையில் டிப் ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுவது முறை.

சரிவில் ஓடும் எஞ்சினுக்கு இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பதை பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்கு வண்டி கட்டும் பொறியியல் மாணவர்களிடம் கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2007-இல் தொடங்கிய போட்டி அது. பல ஆண்டுகள் எல்லா அணிகளுக்கும் கொடுக்கப்பட்டது ஒரே மாதிரி 10 குதிரைசக்தி, 305 சிசி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின். அந்த வகை எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி ஆயிலை வாரி மேலே இறைத்தால்தான் உண்டு. அளவு குறைந்த வண்டி சரிவில் சாய்ந்தால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. அதிகமாகிவிட்டாலோ நுரைக்கும்; நுரை எதையும் காக்காது.

வாசித்து முடித்த ஆயிலுக்கும் ஒரு மரியாதை உண்டு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் சேர்க்க வேண்டும். பேகம்பேட்டில் சாக்கடையில் ஊற்றினால் அது கூகட்பள்ளி நாலா வழியாக நேரே ஹுசேன் சாகரில் போய் மிதக்கும். பாய் தன் கழிவு ஆயிலை மூடிய பீப்பாயில் சேர்த்துவைத்துக் கொடுத்துவிடுகிறார். புது ஆயில் டப்பா காலியானதும் ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போடுகிறார், கள்ள ஆயில் நிரப்பி யாரும் திரும்ப விற்றுவிடக் கூடாது என்று. தொழில் தெரிந்தவர் என்று அவரை மதிக்க எனக்கு இந்த இரண்டு காரியங்களே போதும்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை கூடவே நில்லுங்கள். ஃபில்டரை வெட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹவர் மீட்டர் எண்ணையும் பார்த்ததையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து பதிவுகள் சேர்ந்ததும் உங்கள் எஞ்சினின் இயல்பு எது, கோளாறு எது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கடைக்காரர் நீட்டும் ஆயிலை வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்காது. என் வண்டிக்கு இது வேண்டும், இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று சொல்லி வாங்குவீர்கள்.