கோல குபு எந்த ஊர்? இணையக் கண்காட்சிக் குறிப்புகள் குறித்து



பள்ளியின் பழைய படங்களையும் தோட்டத்துப் பொருள்களையும் இணையக் கண்காட்சியாகப் போடுவது இப்போது பரவி வருகிறது. நல்ல முயற்சிதான். ஆனா படத்துக்குக் கீழே இருக்கிற குறிப்பைப் படிச்சுப் பாருங்க. "பழைய படம்", "தோட்ட மக்கள்", "மரம் வெட்டும் பெண்". அவ்வளவுதான். ஒரு கண்காட்சியில் பால் மங்குக்கு "சிறிய கிண்ணம்" என்று பெயர் போட்டிருந்தார்கள். மங்கு என்ற சொல்லைப் பாட்டிகள் இன்னும் மறக்கவில்லை. குறிப்பு எழுதியவர் கேட்கவில்லை, அதுதான் விஷயம்.

அம்பாங் பெச்சாவையே எடுத்துக்கொள்வோம். பெயரின் பொருள் உடைந்த அணை. 1883இல் அணை உடைந்து பழைய கோல குபு பட்டணத்தை வெள்ளம் அடித்தது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் அதில் இறந்தார். பிறகும் ஆற்றில் மண் சேர்ந்து வெள்ளம் ஓயவில்லை. கடைசியில் பட்டணத்தையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதுதான் கோல குபு பாரு. பழைய பட்டணம் இருந்த இடம்தான் இன்றைய அம்பாங் பெச்சா. அப்படியானால் 1910இல் எடுத்த படத்தில் "கோல குபு" என்று இருந்தால், அதைக் கோல குபு பாருவில் சேர்ப்பது தவறு. ஆனால் அப்படித்தான் சேர்க்கிறோம். அம்பாங் பெச்சா என்று தேடுகிற மாணவனுக்குத் தன் ஊர்ப் படம் கிடைக்கவே கிடைக்காது. இடம் என்ற கட்டத்தில் இரண்டு பெயரையும் எழுதினால் போதும்: அன்றைய பெயர், இன்றைய பெயர். பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனதே, அதற்கும் இதே வழிதான்.

வெள்ளை முதலைக் கதை தெரியுமா? ரேங்கிங் அதைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊரில் சொல்வார்கள். கதையைத் தூக்கி எறிய வேண்டாம். விளக்கத்தில் "ஊரார் சொல்வது" என்று தனியாக எழுதுங்கள்.

நம்மில் பலர் பயன்படுத்தும் டப்ளின் கோர் முறையில் 15 கட்டங்கள். 1995இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் நடந்த கூட்டத்தில் பிறந்த முறை அது. எனக்கு அதன்மேல் ஒரு குறை உண்டு. காலத்தையும் இடத்தையும் ஒரே கட்டத்தில் அடைக்கிறது. "இதைச் சொன்னவர் யார்" என்று கேட்கத் தனிக் கட்டமே இல்லை. நமக்கோ எழுத்து ஆவணம் குறைவு, வாய்மொழிதான் அதிகம். சொன்னவரின் பெயரை, அவர் சம்மதித்தால், பங்களிப்பாளர் கட்டத்தில் போடலாம்.

தேதி தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். 1950களில் ஏதோ ஓர் ஆண்டு என்றால் 195X என்று எழுதும் தர வழக்கம் உண்டு. சந்தேகம் என்றால் ஆண்டுக்குப் பின் கேள்விக்குறி. "சுமார் 1955" என்பதை 1955 ஆக்குவதுதான் பெரிய பொய்.

காலனிக்கால அஞ்சலட்டைகள் இன்னொரு தலைவலி. "கூலி", "கிளிங்" என்று அச்சிட்டிருப்பார்கள். சிலர் அதையே தலைப்பாக்குகிறார்கள், சிலர் கோபத்தில் அழிக்கிறார்கள். இரண்டும் சரியில்லை என்பேன். அச்சில் இருந்ததை "மூலக் குறிப்பு" என்று விளக்கத்தில் அப்படியே வையுங்கள். தலைப்பை நீங்கள் எழுதுங்கள்: பெரட்டுக் களத்தில் நிற்கும் தொழிலாளர்கள், இப்படி.

எழுத்துக்கூட்டலும் கவனம். கோல சிலாங்கூர், கோலசிலாங்கூர், குவாலா சிலாங்கூர் என மூன்று விதமாக எழுதினால் தேடல் மூன்றாகப் பிரியும். பள்ளியில் உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள்.

படத்தை ஏற்றும் முன் ஒரு பிரதி அச்செடுத்து, லயத்தில் இருந்து வந்த பெரியவர்களிடம் காட்டுங்கள். "இது நம்ம கங்காணி மக, ஆயாக்கொட்டகையில வேலை செஞ்சா" என்று ஒருவர் சொல்லிவிட்டால், "மரம் வெட்டும் பெண்" என்ற தலைப்பை அன்றே மாற்றிவிடலாம். பேனா கையில் இருக்கட்டும்.