முன் வரிசையும் கடைசி வரிசையும்

'அக்னிச் சிறகுகள்' படித்திருப்பீர்கள். படிக்காவிட்டாலும் வீட்டில் ஒரு பிரதி இருக்கும். பள்ளி ஆண்டு விழாவில் யாராவது பரிசாகக் கொடுத்திருப்பார்கள். 1999-ல் ஆங்கிலத்தில் வந்து, மு.சிவலிங்கத்தின் தமிழாக்கத்தில் சக்கைப்போடு போட்ட புத்தகம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது கனவை மட்டும்தான். ஆட்டோ முதுகில்கூட எழுதியாயிற்று. ராக்கெட் சமாச்சாரம் வரும் பக்கங்களைப் பலர் மெள்ளப் புரட்டித் தாண்டியிருப்பார்கள். எனக்கென்னவோ புத்தகத்தின் உயிர் முதல் சில பக்கங்களில், ராமேஸ்வரத்திலும் ராமநாதபுரத்திலும் அவர் படித்த பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு அவற்றை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு. கலாம் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளின் மகன் ராமநாதன். புதிதாக வந்த வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. முஸ்லிம் பையனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். ராமநாதன் அழுதுவிட்டான். அப்புறம் சாஸ்திரிகள் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பி, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் தீவை விட்டே கிளம்பு என்று கறாராகச் சொன்னார் என்பதை மேடைப் பேச்சாளர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பிற்பாடு ஜனாதிபதியான பையனுக்குப் பள்ளி முதலில் கொடுத்தது கடைசி வரிசை. அதைத் திருத்தியவர் பள்ளிக்கு வெளியே இருந்த ஒரு பெரியவர். அவர் இல்லாத ஊர்களில் என்ன ஆகியிருக்கும்?

அறிவியல் வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர் வேறு ரகம். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். கலாம் எழுந்து, புரியவில்லை என்றார். இன்னும் பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஐயர் கோபப்படவில்லை. சாயங்காலம் மொத்த வகுப்பையும் கடற்கரைக்கு அழைத்துப் போய், நிஜப் பறவைகளைக் காட்டினார். கலாம் பின்னாளில் மேடை மேடையாகச் சொன்ன கதை இது. கவனியுங்கள், திறமைசாலியை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவில்லை. புரியவில்லை என்று சொன்னதற்குத் தண்டனை இல்லை, அவ்வளவுதான்.

இன்று நம் வழி வேறு. ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்களைத் தேர்ந்தெடுத்து, வருஷத்துக்கு 1,000 ரூபாய் உதவித்தொகை. (ஆயிரம் ரூபாயில் இன்று ஒரு ஜோடி ஷூ வாங்கலாம்.) 2021-க்குப் பிறகு மாவட்டம்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளும் வந்தன. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. பாம்பன் மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு ஐ.ஐ.டி. என்றொரு இடம் இருப்பதைச் சொல்லவாவது ஆள் வேண்டுமே. ஆனால் இந்த வரிசையில் நிற்க முதலில் மார்க் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று புரியவில்லை என்கிற பிள்ளை எந்தப் பட்டியலில் வரும்?

புத்தகத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் கணக்கு வாத்தியார் ராமகிருஷ்ண ஐயர், வழி தவறி வகுப்புக்குள் நுழைந்த கலாமைப் பிரம்பால் அடித்தார். பல மாதம் கழித்து அதே பையன் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினான். என்னிடம் அடி வாங்குகிறவன் பெரிய ஆளாவான் என்கிற ரீதியில் காலைக் கூட்டத்தில் பேசினாராம். கலாம் பெருந்தன்மையாக எழுதிவிட்டுப் போய்விட்டார். நமக்கு என்ன வந்தது? அடி வாங்கி ராக்கெட் விடாதவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை, சார். அதே பள்ளியில் அய்யாதுரை சாலமன் நம்பிக்கையை ஊட்டியே பையனை நிமிர்த்தினார். பிரம்புக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு குறை. சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஆசாரமான மனைவி, தன் சமையலறையில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்கிறார். ஐயர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வா என்கிறார் ஐயர். பையன் தயங்குகிறான். போகிறான். இந்த முறை அந்த அம்மாளே உள்ளே அழைத்துப் போய்த் தன் கையால் சோறு போடுகிறார். நடுவே ஒரு வாரம் அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது, யார் அழுதார்கள், யார் பேசாமல் இருந்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அந்த அம்மாளின் பெயரும் இல்லை.