அசையும் ஒலியசையும்: காஞ்சித் தறிச்சொற்களும் இத்தாலியமும்

ஐரோப்பிய மொழிகளின் ஒலியசையைத் தமிழில் குறிக்க 'அசை' என்ற யாப்பியல் சொல்லையே ஆளும் வழக்கம் மொழியியல் நூல்களில் நிலைபெற்றுவிட்டது. இத்தாலியத்தோடு ஒப்பிடும்போது இவ்வழக்கின் குறை வெளிப்படுகிறது.

இத்தாலியத்தில் 'பாலா' என்பது மண்வாரி. 'பல்லா' என்பது பந்து. மெய் இரட்டிக்கும்போது அது பல்-லா எனப் பிரியும். தமிழில் கனி, கன்னி என்பன இதற்கு நிகரானவை. இரண்டிலும் ஈரொலியசைகளே உள்ளன. ஆயினும் யாப்பருங்கலக் காரிகை நெறிப்படி 'கனி' குறிலிணையாகிய ஒரு நிரையசை. 'கன்னி' இரு நேரசைகள். ஆகவே அசை என்பது ஒலிக்கூறுகளின் எண்ணிக்கையன்று, அளவின் கட்டமைப்பு.

காஞ்சிபுரத்துத் தறிச்சொற்கள் இதனை மேலும் தெளிவாக்கும். சேலையின் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் நெய்து பிணைக்கும் 'கோர்வை'யில், பகுதியும் விகுதியும் பிரியுமிடத்திலேயே அசையும் பிரிகிறது: கோர்/வை. பட்டு என்பது இல் உருபேற்றுப் 'பட்டில்' ஆகும்போது இவ்வொற்றுமை குலைகிறது. உருபு உயிரில் தொடங்க, அசையோ பட்/டில் என மெய்யோடு தொடங்குகிறது. 'பட்டு' என்ற சொல்லே இன்னொரு சிக்கலைத் தருகிறது. காரிகையில் அது நேர் நேர். குற்றியலுகரத்தைத் தனித்துக் கருதிய தொல்காப்பியத்திலோ நேர்பு என்னும் ஓரசை. ஒலியசை என்ற கருத்தைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க முயல்வது வீண்.

அழுத்தத்தில் இரு மொழிகளும் முற்றாக விலகுகின்றன. இத்தாலியத்தில் 'தேலா' என்றால் துணி. அதிலிருந்து பிறந்த 'தெலாயோ' தறியைக் குறிக்கும். விகுதி சேர்ந்ததும் அழுத்தம் முதலசையை விட்டு நகர, நெடிலோசையும் உடன் நகர்கிறது. நங்கூரத்தைக் குறிக்கும் 'அங்கொரா'வையும் 'இன்னும்' எனப் பொருள்படும் 'அங்கோரா'வையும் பிரிப்பது அழுத்தமே. தமிழில் நெசவு, நெசவாளர் ஆகும்போது 'நெச' என்னும் முதலசை நிரையாகவே நிற்கிறது. ஓசை நீண்டால், படு பாடாவது போல, அது முதனிலை திரிந்த தொழிற்பெயர். அழுத்தத்தின் பக்க விளைவன்று. எகர ஏகார, ஒகர ஓகார வரிவடிவ வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் எனப் போற்றப்படும் வீரமாமுனிவர், உயிரின் நீளம் தனியே பொருள் வேறுபடுத்தாத இத்தாலிய மொழிச் சூழலில் 1680இல் பிறந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

புணர்ச்சியில் மட்டும் ஓர் அண்மை தென்படுகிறது. உயிர்முதற்சொல் முன் இத்தாலியச் சுட்டிடையாகிய 'லோ' தன் உயிரை இழக்கும்: லோ, அமீகோ என்பன 'லமீகோ' ஆகும். பட்டு, ஆடை என்பன 'பட்டாடை' ஆவதும் இத்தகையதே. எனினும் தமிழில் உகரக்கேடு நேர்பசையையே கலைத்து, பட்/டா/டை என மூன்று நேரசைகளை ஆக்குகிறது. இம்மாற்றத்தைக் கணக்கிடவேனும் 'ஒலியசை', 'அசை' என்னும் இரு கலைச்சொற்களும் தனித்தனியே வேண்டப்படும்.